புழுதி நெல்லை விட்டுக் குதிரைவாலி, சோளத்துக்கு மாறலாமா? (முதுகுளத்தூர் பக்கம், 3 ஏக்கர், கிணறு இல்லை)

மேலக்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், முழு மானாவாரி. ஒன்றரை ஏக்கர் கரிசல், ஒரு ஏக்கர் செவல் (செம்மண்) மேடு, மீதி அரை ஏக்கர் பள்ளம். பள்ளத்துல நாலு நாள் மழை பெஞ்சா தண்ணி நிக்கும். வழக்கமா மூணுலயும் புரட்டாசியில நெல்லைப் புழுதியில விதைக்கிறதுதான். மழை கார்த்திகையோட நின்னுட்டா கதிர் பூரா மணி பிடிக்காம கருக்காயாப் போயிடுது. குதிரைவாலி போடச் சொல்றாங்க, சோளம், கம்புன்னும் சொல்றாங்க. வறட்சி தாங்கும்னா எவ்வளவு தாங்கும்? விதை அளவு, உரம், என்னென்ன கெடும், எங்க விக்கிறது, தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கரிசல்_வானம் எழுதியது:

தம்பி, முதலில் "வறட்சி தாங்கும்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு வேறு குணங்கள் இருக்கின்றன. ஒன்று, மழை நிற்பதற்குள் முடிந்துவிடுவது. 70 முதல் 75 நாளில் வரும் பனிவரகு, 80 முதல் 90 நாளில் வரும் தினை, சாமை எல்லாம் இந்த வகை. இன்னொன்று, மழை இடையில் நின்றாலும் சாகாமல் காத்திருப்பது. சோளம் இதில் தலைசிறந்தது. இலையைச் சுருட்டிக்கொள்ளும், இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும், வேர் ஆழம் போகும், வளர்ச்சியை நிறுத்திவைத்து அடுத்த மழைக்குத் திரும்பத் தொடங்கும். கம்பு வேறு வழியில் தப்பிக்கிறது. முதல் கதிர் காய்ந்து போனாலும் பின்னால் வரும் தூர்களில் கதிர் பிடிக்கும்.

குதிரைவாலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மதுரை 1 ரகம் 95 முதல் 100 நாள். புரட்டாசிக் கடைசியில், அதாவது அக்டோபர் முதல் பாதியில் முளைத்தால் கார்த்திகையில் கதிர் வந்துவிடும். வடகிழக்குப் பருவம் வலுவாக இருக்கும் காலம் அதுதான். நெல்லில் 105 நாள் ரகம் போட்டாலும் பூப்பது டிசம்பர் கடைசி வாரம். 120 நாளுக்கு மேற்பட்ட ரகம் என்றால் பொங்கலை ஒட்டிப் பூக்கும். அப்போது ஈரம் இல்லாவிட்டால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. உங்கள் நெல் கருக்காயாவதற்குக் காரணம் மொத்த மழைக் குறைவு மட்டும் அல்ல. பூக்கும் தேதி மழைக்கு வெளியே போய் விழுகிறது.

அதற்காக எந்தப் பயிரும் எல்லா வறட்சியையும் தாண்டிவிடும் என்று நம்பவேண்டாம். 2016 வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு இயல்பைவிட 62 சதம் மழை குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த மாதிரி வருடத்தில் எந்தத் தானியமும் முழு மகசூல் தராது. சிறுதானியத்தில் பலன் என்னவென்றால், போட்ட செலவு குறைவு என்பதால் இழப்பும் குறைவு, மாட்டுக்குத் தாளாவது மிஞ்சும். சின்ன விவசாயிக்கு இது பெரிய விஷயம். நல்ல வருடத்தில் நெல்லை விட அதிகம் சம்பாதித்துத் தரும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை ஏற்காதீர்கள்.

செவல்காட்டான் எழுதியது:

பயிரை அப்புறம் பாக்கலாம், மொதல்ல மண்ணைப் பாருங்க தம்பி. உங்களுக்கு மூணு நெலம் இருக்கு, மூணுலயும் ஒரே பயிர் போடறதுதான் தப்பு.

கரிசல் ஒரு மீட்டர் ஆழம் இருந்தா 150 மி.மீ.க்கு மேல ஈரம் பிடிச்சு வச்சுப் பயிருக்குக் குடுக்கும். செவல் அதுல பாதி வச்சாலே பெருசு. அதனால சோளமும் குதிரைவாலியும் கரிசலுக்கு. செவல் மேட்டுக்குக் கம்பு, தட்டைப்பயறு. கம்புக்கு வேர்ல தண்ணி நின்னா ஆகாது, மேட்டுலதான் அது தாக்குப்பிடிக்கும். பள்ளம் அரை ஏக்கர் இருக்கு பாருங்க, அதுல கம்பும் போடாதீங்க, சோளமும் போடாதீங்க. அது நெல்லுக்குன்னே இருக்கட்டும்.

இன்னொண்ணு, செவல்ல விதைச்ச மறுநாள் அடிச்சு மழை பெஞ்சு வெயில் காஞ்சா மேல ஓடு மாதிரி இறுகிடும். சின்ன விதை முளைச்சும் வெளிய வர முடியாமச் செத்துப் போகும். மூணாம் நாள் போய்ப் பாருங்க. இறுகியிருந்தா முள்ளுக் கட்டை லேசா இழுத்து விடுங்க. கம்பு தப்பிச்சுக்கும்.

நாட்டுவிதை எழுதியது:

விதைப்பு முறையைப் படிப்படியா எழுதறேன், குதிரைவாலியில இருந்து.

கோடை மழை கிடைச்சதும் சாய்வுக்குக் குறுக்கே ஒரு உழவு. புரட்டாசி மழைக்கு முன்னாடி 8 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்தியா வரப்பு இழுத்து விட்டா மழை விழுந்த இடத்துலயே இறங்கும். ஒரு ஏக்கர்ல 10 மி.மீ. மழைன்னா 40,000 லிட்டர் தண்ணி. அதை ஓட விட்டுட்டு அப்புறம் வறட்சி வந்துருச்சுன்னு சொல்றதுல அர்த்தமே இல்லை. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் சொல்லுவாங்க. அவ்வளவு கிடைக்கலைன்னா கிடைக்கிறதை மேட்டுப் பக்கம் போடுங்க.

விதை வாங்கினதும் 100 விதையை எண்ணி ஈரத்துணியில சுத்தி வைங்க. 75க்குக் குறைவா முளைச்சா அந்த விதையைத் திருப்பிக் குடுத்துடுங்க. வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ, தூவினா 5 கிலோ போதும். ஒரு பாக்கெட் அசோஸ்பைரில்லம் உயிர் உரத்தை ஆறின கஞ்சியில கலந்து விதையில பிசிறி, நிழல்ல அரை மணி நேரம் உலர்த்துங்க. விதை ரொம்பச் சின்னது, கையில நிக்காது. மணல் கலந்து விதைச்சா ஒரே சீராப் போகும்.

இடைவெளி வரிசைக்கு வரிசை 25 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. ஆழம் 2, 3 செ.மீ.க்கு மேல போகவே கூடாது. கலப்பை சால்ல ஆழமா விழுந்த குதிரைவாலி வெளிய வராது. முளைப்பு சரியில்லைன்னு பேசறதுல பாதி விதை ஆழத்துல செத்ததுதான்.

20ஆம் நாள் கலைச்சு விடணும், அதாவது நெருக்கமா இருக்கிற செடியைப் பிடுங்கிடணும். இதை யாரும் செய்யறது இல்லை, கெடுறதும் இங்கதான். அடர்த்தியா இருந்தா பார்க்கப் பச்சைப் பசேல்னு இருக்கும். ஆனா இருக்கிற ஈரத்தை 40 நாளுக்குள்ள குடிச்சுத் தீர்த்துட்டுக் கதிர் வர்றப்போ வாடி நிக்கும். 8 கிலோ, 10 கிலோன்னு தூவற ஊர்ல குதிரைவாலி வறட்சி தாங்காதுன்னு சொல்லுவாங்க. கூட்டம் கூடிப் போச்சு, பயிரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

களை முதல் தடவை 15லிருந்து 20 நாளுக்குள்ள, ரெண்டாவது 40 நாள்ல. உரம் ஏக்கருக்கு யூரியா 38 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 55 கிலோ. சூப்பர் முழுசும் அடியில. யூரியாவைப் பாதி அடியில போட்டுட்டு, மீதியை மழை பெஞ்சு ஈரம் இருந்தா மட்டும் களை வெட்டினதும் போடுங்க. மழை வரலைன்னா அந்த மூட்டை வீட்டுலயே இருக்கட்டும், அடுத்த வருசத்துக்கு ஆகும்.

மேலக்காடு எழுதியது:

நன்றி அக்கா. ஒரு சந்தேகம். நெல்லு மாதிரி மழைக்கு முன்னாடியே புழுதியில போடலாமா, இல்லை மழை பெஞ்சப்புறம்தானா?

கரிசல்_வானம் எழுதியது:

சோளத்தைப் போடலாம், குதிரைவாலியை வேண்டாம்.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்குச் சொல்லும் பருவமழைக்கு முந்திய விதைப்பு சோளத்துக்குப் பொருந்தும். விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடவேண்டும். அப்படிப் போட்டால் சின்னத் தூறலுக்கு முளைக்காது, மண் ஆழம் வரை நனைக்கும் மழைக்குத்தான் முளைக்கும். மேலாகப் போட்டால் 5 மி.மீ. தூறலுக்கு முளைத்து, பத்து நாள் வெயிலில் கருகி, விதைக் காசு போய்விடும்.

புழுதியில் போடும் சோள விதையைக் கடினப்படுத்தியே போடுங்கள். மானாவாரிக்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை. ஒரு கிலோவுக்கு 350 மி.லி. கரைசல் என்ற கணக்கில் 2.1 லிட்டர் தண்ணீர், அதில் 42 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட். இது 2 சதக் கரைசல். 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்தவேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டால் முளை குத்திவிடும். வெயிலில் காயப்போட்டால் விதை வெடிக்கும். ஊறவைப்பதற்கு முன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எடைக்கு வந்துவிட்டதா என்று அதை வைத்துத்தான் தெரியும்.

குதிரைவாலி விதை 5 செ.மீ. ஆழத்திலிருந்து எழாது. மேலாகப் போட்டால் தூறல் ஆபத்து. அதனால் 20 முதல் 25 மி.மீ. மழை ஒரே தடவையாகக் கிடைத்த பிறகு விதையுங்கள். மழைமானி இல்லாவிட்டால் மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டி, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நின்றால் விதைக்கலாம்.

பள்ளக்கால்_நெல் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து நெல்லைத் தள்ளிவைக்கிறீர்கள், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்த மாவட்டத்து மானாவாரிக்கென்றே பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அண்ணா 4, 100 முதல் 105 நாள் ரகம், 2009இல் வந்தது. நொறுங்கன் என்ற நாட்டு ரகம் இதே மண்ணில் தலைமுறை தலைமுறையாக வறட்சியைத் தாங்கி வந்தது. நெல்லிலும் வறட்சி தாங்குவது உண்டு. சிக்கல் எங்கே என்றால் 120, 135 நாள் ரகங்களைக் கிணறில்லாத காட்டில் புழுதியில் போடுவது.

நெல்லை விற்கக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. வீட்டுக்கு அரிசி இருக்கிறது, மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு, அரைக்க மில் இல்லாத தானியத்துக்கு ஒரு குடும்பத்தை மாறச் சொல்வதற்கு முன் யோசிக்கவேண்டும்.

குதிரைவாலி போடச் சொல்பவர்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நெல் வயலில் நாம் பிடுங்கி எறியும் காட்டுக் குதிரைவாலியும் இந்தப் பயிரும் ஒரே இனக்கூட்டம். குதிரைவாலி உதிர்ந்த நிலத்தில் அடுத்த பட்டம் நேரடி நெல் விதைப்பு போட்டால், நெல்லோடு அதுவும் முளைக்கும். சின்னப் பயிரில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். இலையும் தண்டும் சேருமிடத்தில் நெல்லுக்குச் சவ்வு போன்ற நாக்கு இருக்கும், இதற்கு இருக்காது. அதைப் பார்த்துப் பிடுங்கவேண்டும். களைக்கூலி கொடுத்து மாளாது.

நாட்டுவிதை எழுதியது:

> களைக்கூலி கொடுத்து மாளாது

இது சரியான எச்சரிக்கை ஐயா. அதனாலதான் பள்ளம் என்னைக்கும் நெல்லாவே இருக்கட்டும், கரிசல்ல குதிரைவாலிக்கு அடுத்த வருசம் சோளமோ பயறோ வரட்டும்னு சொல்றேன். நெல்லும் குதிரைவாலியும் ஒரே வயல்ல மாத்தி மாத்திப் போடக் கூடாது. அறுவடையையும் தள்ளிப் போடாதீங்க. கதிர் பழுத்ததும் அறுத்துடணும், காய விட்டா உதிரும். குதிரைவாலியைத் தூவாம வரிசையில போடச் சொல்றதுக்கும் இதுதான் காரணம். வரிசைக்கு வெளிய முளைச்சது காட்டுச் செடின்னு பார்த்ததும் தெரிஞ்சுடும்.

அண்ணா 4 பத்திச் சொன்னதுல எனக்கும் சம்மதம். பள்ளத்துக்கு அதுவே இருக்கட்டும்.

பயிர்_பாதுகாப்பு எழுதியது:

எது கெடும், ஏன் கெடும் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

சோளத்தில் முதல் எதிரி குருத்து ஈ. முளைத்து ஒரு மாதத்துக்குள் நடுக்குருத்து காயும், இழுத்தால் கையோடு வரும், நாற்றமடிக்கும். ஊரே விதைத்து முடித்து இரண்டு, மூன்று வாரம் கழித்துத் தனியாக விதைத்தவருக்கு அடி பலமாக இருக்கும். முன்பு விதைத்த காடுகளில் பெருகிய ஈ எல்லாம் அங்கே வந்து இறங்கும். விதை கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, கலைக்கும்போது குருத்துக் காய்ந்த செடிகளைப் பிடுங்கி அழிப்பது செலவில்லாத வழி. முதல் 30 நாள் கருவாட்டுப் பொறி வைக்கலாம், ஏக்கருக்கு 5 போதும். சாமையையும் பனிவரகையும் குருத்து ஈ தாக்கும். குறுகிய நாள் பயிர்தானே, எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கம்பில் இரண்டு நோய். அடிச்சாம்பல் நோய் வந்தால் கதிர் இலையாக மாறி நிற்கும். பூக்கும்போது தூறலும் மூடாக்கு வானமும் சேர்ந்தால் தேன் ஒழுகல் வரும். அதில் உண்டாகும் கருப்புக் கட்டிகள் தானியத்தில் கலந்தால் மனிதருக்கும் மாட்டுக்கும் நஞ்சு. விதைக்கும் கம்பை, 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்புக் கரைத்து அதில் கொட்டுங்கள். மிதப்பதை வழித்தெடுத்து எரித்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி உலர்த்தி விதையுங்கள்.

வரகு போடும் எண்ணம் இருந்தால் கவனிக்க. 110 நாளுக்கு மேல் ஓடும் பயிர் அது. முதிரும் நேரத்தில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகு மயக்கம், வாந்தி உண்டாக்கும். சைக்ளோபியசானிக் அமிலம் என்ற பூஞ்சண நஞ்சுதான் காரணம். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் செத்தது இப்படிக் கெட்ட வரகை அதிகமாக மேய்ந்ததால்தான். வாடை வந்த, நிறம் மாறிய வரகைக் கழுவிச் சாப்பிடலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

பறவை பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றி நெல்லும் மிளகாயுமாக இருக்க நடுவில் ஒரு ஏக்கர் மட்டும் சோளம் இருந்தால் குருவியும் கிளியும் அங்கேதான் வரும். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேரோடு பேசி ஒரே வாரத்தில், ஒரே தொகுப்பாகப் போடுங்கள். இதைவிடப் பலனளிக்கும் பறவை விரட்டி கிடையாது.

ஊடுபயிராகப் பயறு போட்ட சோளத்துக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிக்கக்கூடாது, பயறு செத்துவிடும். களைக்கொல்லி கேட்டால் கடையில் கொடுப்பதை அப்படியே வாங்கி வராதீர்கள்.

கால்நடை_மருத்துவம் எழுதியது:

தானியக் கணக்கு மட்டும் ஓடுகிறது. இரண்டு மாடு, நாலு ஆடு வைத்திருக்கும் வீட்டுக்குத் தாளும் தட்டையும் பாதி வருமானம். கதிர் பொய்த்த வருடத்தில் முழு வருமானமும் அதுதான். சோளத்தட்டை, கம்புத்தட்டை, குதிரைவாலித் தாள் மூன்றுமே மாடு விரும்பித் தின்னும்.

ஆனால் சோளத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, வறட்சிக் காலத்தில்தான் அது அதிகம். இளம் சோளத்தில் ஹைட்ரஜன் சயனைடை உண்டாக்கும் பொருள் உண்டு. மழையில்லாமல் வாடி நிற்கும் இளம் பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் அது உச்சத்தில் இருக்கும். "பயிர் காய்ந்துதான் போகிறது, மாட்டையாவது விட்டு மேய்ப்போம்" என்று அவிழ்த்துவிடும் நாளில்தான் மாடு சாகிறது. பூக்கும் முன் பச்சைச் சோளத்தை மேய்க்காதீர்கள். நன்றாக வெயிலில் உலர்த்தினால் நஞ்சு பெருமளவு குறைந்துவிடும். மேய்ந்த சில நிமிடத்தில் மாடு மூச்சுத் திணறி, நடுங்கி, விழுந்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஊசியால் காப்பாற்ற முடியும். கைமருந்து செய்து நேரத்தை விடவேண்டாம். கம்பில் இந்தச் சயனைடு ஆபத்து இல்லை, அதனால் மாடு நிறைய வைத்திருப்பவர்களுக்குக் கம்பைத்தான் நான் முதலில் சொல்வேன்.

உமிமில் எழுதியது:

மில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்கும் உமி நீக்கத் தேவையில்லை. ஊர் மாவு மில்லிலேயே அரைத்துக்கொள்ளலாம். குதிரைவாலி, சாமை, தினை, வரகு, பனிவரகு எல்லாவற்றுக்கும் உமி இருக்கிறது, அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். நெல் மில்லில் போட்டால் பாதி நொய், பாதி உமியோடு அப்படியே வரும். பயிரை முடிவு செய்வதற்கு முன் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் சிறுதானிய உமி நீக்கும் இயந்திரம் இருக்கிறது என்று விசாரியுங்கள். மூட்டையை வண்டி ஏற்றிப் போய் வரும் செலவு சின்ன விவசாயியின் லாபத்தைத் தின்றுவிடும்.

இந்த இயந்திரம் தானியத்தைச் சுழற்றி வேகமாகச் சுவரில் அடித்து உமியை உடைக்கும். ஈரம் 10 முதல் 12 சதத்துக்குள் இருக்கவேண்டும். ஈரம் கூடினால் உமி உரியாது, ரொம்பக் காய்ந்தால் நொய் விழும். பல்லில் கடித்தால் "டக்" என்று உடையும் பக்குவம் சரி. 100 கிலோ குதிரைவாலிக்கு 60 கிலோ அரிசி வந்தால் நல்ல அரவை. நொய், தவிடு, உமி மீதி. வரகுக்கு உறை பல அடுக்கு, அதைப் பலமுறை ஓட்டவேண்டியிருக்கும்.

விலை குறைவதற்குப் பெரிய காரணம் கல்லும் மண்ணும். தார் ரோட்டிலும் மண் களத்திலும் அடித்த தானியத்தில், தானியத்தின் அளவிலேயே இருக்கும் கரிசல் உருண்டை கலந்துவிடும். சல்லடையில் பிரியாது, கல் நீக்கி வேண்டும். ஒரு தார்ப்பாய் விரித்து அடித்தால் அந்தச் செலவே இல்லை.

உமியோடு இருக்கும் தானியம் வருடக்கணக்கில் கெடாது. அரிசியாக்கிவிட்டால் தவிட்டில் இருக்கும் எண்ணெய் காரணமாகச் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். அதனால் மொத்தத்தையும் அரைத்து வைக்காதீர்கள். ஆர்டர் வந்த அளவுக்கு அரையுங்கள்.

பள்ளக்கால்_நெல் எழுதியது:

உமிமில் சொன்னதுதான் என் கேள்வியும். விலை? கேழ்வரகுக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26க்குக் குவிண்டாலுக்குக் கேழ்வரகு 4,886 ரூபாய், கம்பு 2,775, கலப்பினச் சோளம் 3,699. குதிரைவாலி, சாமை, தினை, வரகுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியும் இது மாறவில்லை. கேழ்வரகைக்கூடத் தமிழக அரசு நேரடியாக வாங்கத் தொடங்கியது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்தான். முதுகுளத்தூரில் அறுவடை மாதத்தில் ஊரே குதிரைவாலியைக் கொண்டுவந்து கொட்டினால் வியாபாரி சொல்வதுதான் விலை.

உமிமில் எழுதியது:

உண்மைதான் ஐயா. அதற்கு மாற்று ஒன்றுதான், அறுவடை மாதத்தில் விற்காமல் இருப்பது. உமியோடு கெடாமல் இருக்கும் தானியம் என்பது இங்கேதான் உதவும். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் முதலில் எடுத்து வையுங்கள். கடன் அடைக்கத் தேவையான அளவை மட்டும் தை மாதம் விற்றுவிட்டு, மீதியை ஆடி வரைக்கும் வைத்திருங்கள். பக்கத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்து அவர்களிடம் உமி நீக்கியும் கல் நீக்கியும் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். மூன்று மூட்டை விற்பவருக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது.

விலைக்கு அரசு பொறுப்பு எடுக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வறட்சி மாவட்டத்துக்குக் குதிரைவாலியைப் பரிந்துரைக்கும் துறை, அதை வாங்கவும் வழி செய்யவேண்டும்.

அடங்கல்_சிட்டா எழுதியது:

காப்பீடு பற்றி யாரும் எழுதவில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உணவு தானியம், பயறு, எண்ணெய் வித்துக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் காரீஃப் (தென்மேற்குப் பருவ) பட்டத்துக்கு 2 சதம், ரபி (அதற்குப் பின் வரும்) பட்டத்துக்கு 1.5 சதம். ஆனால் எல்லாப் பயிரும் எல்லா ஊரிலும் அறிவிக்கப்படுவதில்லை. உங்கள் வருவாய்க் கிராமத்துக்கோ, பல கிராமம் சேர்ந்த பிர்காவுக்கோ இந்த வருடம் எது அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுவிட்டு விதையுங்கள். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் நெல் என்று எழுதி வாங்கி நெல்லுக்குப் பணம் கட்டிவிட்டுக் காட்டில் குதிரைவாலி போட்டால், இழப்பு வரும்போது ஒரு பைசா கிடைக்காது. விதைத்த பயிர்தான் அடங்கலில் ஏறவேண்டும், சர்வே எண் வாரியாக.

வெள்ளத்தையும் மனதில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி, திருநெல்வேலியில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவானது. கரிசலில் நின்ற மானாவாரிப் பயிர்கள் அழுகின. வறட்சி தாங்கும் பயிர் வெள்ளமும் தாங்கும் என்று கிடையாது. சோளக் காட்டிலும் பயறுக் காட்டிலும் தாழ்ந்த ஓரத்தில் வடிகால் வெட்டி வையுங்கள். நீர் மூழ்கல் மாதிரி தனிக் காட்டு இழப்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாகவேண்டும்.

மேலக்காடு எழுதியது:

எல்லாத்தையும் படிச்சுட்டேன். அப்போ பள்ளம் அரை ஏக்கர் அண்ணா 4, கரிசல் ஒன்றரை ஏக்கர்ல பாதி சோளம் பாதி குதிரைவாலி, செவல்ல கம்பு. சரியா? மழை ரொம்பப் பிந்தினா என்ன செய்ய?

கரிசல்_வானம் எழுதியது:

சரியான பிரிவுதான். சோளத்தில் இரண்டு வரிசைக்கு ஒரு வரிசை தட்டைப்பயறோ உளுந்தோ சேருங்கள். சோளம் கைவிட்டாலும் பயறு 70 நாள் சுற்றில் வந்துவிடும்.

மழை பிந்தினால் கணக்கு இப்படி. அக்டோபர் 20 வரைக்கும் குதிரைவாலி போடலாம். அதைத் தாண்டினால் குதிரைவாலிக்கு ஒதுக்கிய நிலத்தில் பனிவரகோ உளுந்தோ பச்சைப்பயறோ போடுங்கள். நவம்பர் முதல் வாரமும் போய்விட்டால் கரிசலில் கொத்தமல்லி விதைக்கலாம். அடி ஈரத்திலும் பனியிலும் வரும் பயிர் அது. விதையை இரண்டாக உடைத்துப் போடவேண்டும், மாவாக அரைபட்டுவிடக் கூடாது. சோளத்தை நவம்பரில் போடாதீர்கள், குருத்து ஈ விடாது. இதற்காக மூன்று பயிர் விதையும் வாங்கிக் குவிக்கவேண்டாம். பயறு விதை மட்டும் கையில் இருக்கட்டும், போடாவிட்டால் வீட்டில் சமைத்துக்கொள்ளலாம்.

இடையில் 15 நாள், 20 நாள் மழை நின்று இலை காலையிலும் சுருண்டே இருந்தால், 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ பொட்டாஷ், அதாவது 1 சதக் கரைசல், மாலையில் தெளியுங்கள். ஒரு வாரம் தாக்குப்பிடிக்க உதவும், மழைக்கு மாற்று ஆகாது. அந்த நேரத்தில் யூரியா மண்ணில் போடவே வேண்டாம். களையை மட்டும் வெட்டுங்கள். மேல்மண்ணைக் கொத்திவிட்டால் கரிசல் வெடிப்பு மூடி, அடி ஈரம் வெளியேறுவது குறையும்.

செவல்காட்டான் எழுதியது:

கம்புல ரகம் சொல்ல விட்டுப் போச்சு. கோ 10 இல்லைன்னா தனசக்தி. ரெண்டும் வீரிய ஒட்டு கிடையாது, விதை எடுத்து வச்சுக்கலாம். தனசக்தியில இரும்புச் சத்து கூடுதல், வீட்டுல புள்ளைங்க இருந்தா அதையே போடுங்க.

மேலக்காடு எழுதியது:

விதை எடுத்து வைக்கிறதைப் பத்திக் கேக்கணும்னு நினைச்சேன் அண்ணே. குதிரைவாலி, சோளம், கம்பு மூணுலயும் வருசா வருசம் நம்ம விதையையே போடலாமா?

நாட்டுவிதை எழுதியது:

குதிரைவாலி தன் மகரந்தப் பயிர், பெரும்பாலும் கலக்காது. மூணு, நாலு வருசம் தாராளமாப் போடலாம். சோளம் கொஞ்சம் கலக்கும், அதனால காட்டு ஓரத்துல இருக்கிற கதிரை விட்டுட்டு நடுவுல இருந்து எடுங்க. கம்பு முழுக்க அயல் மகரந்தம். 200 மீட்டர் சுத்தளவுல வேற கம்பு இருந்தா ரகம் கெட்டுடும். பக்கத்துக் காட்டுல ஒட்டுக் கம்பு போட்டிருந்தா அந்த வருசம் விதைக்கு எடுக்காதீங்க, ஆராய்ச்சி நிலையத்துலயோ விரிவாக்க மையத்துலயோ புதுசா வாங்குங்க.

எப்படி எடுக்கிறதுன்னா, அறுக்கிறதுக்கு முன்னாடியே காட்டுக்குள்ள போங்க. சாலோரமோ, உரக்குழி பக்கமோ இல்லாம, நடுக்காட்டுல எல்லாச் செடியும் வாடினப்போ வாடாம நின்னு, முதல்லயே கதிர் பழுத்த செடிங்களைப் பாருங்க. குறைஞ்சது 200 கதிர் எடுங்க, நாலைஞ்சு கதிர்ல இருந்து மட்டும் எடுத்தா ரகம் நலிஞ்சுடும். தனியா அடிச்சு, தார்ப்பாய்ல காலை வெயில் மட்டும் காட்டி உலர்த்தி, மண் பானையிலயோ தகர டப்பாவிலயோ காஞ்ச வேப்பிலை போட்டு மூடி வைங்க. டப்பா மேல ரகப் பேரு, எந்தக் காடு, எந்த வருசம்னு எழுதி ஒட்டிடுங்க. ஏக்கருக்கு 4 கிலோதான் தேவைன்னாலும் ரெண்டு விதைப்புக்கு ஆகிற மாதிரி எடுத்து வைங்க, முதல் விதைப்பு தூறலுக்கு முளைச்சுக் கருகினா மறுபடி போட விதை வேணும்.